மரவேலை ஆர்வலர்களை ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டுவது எப்படி?

கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்யும் பன்னிரண்டு, பதினைந்து பேர் உங்களுக்குத் தொலைபேசி வழியாகப் பழக்கம். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாரையும் ஏதாவதோர் உணவகத்தில், ஆடம்பரமில்லாமல், ஒரு மதிய வேளையில் ஒன்றுசேர்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் இப்படிப்பட்ட ஒன்பது சந்திப்புகளை நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவற்றுள் மூன்று சரியாக அமையவில்லை. அந்த மூன்றிலும் சாப்பாடு நன்றாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கிடைக்காமல் போனது உட்கார்ந்து பேசுவதற்கான நேரமும் இடமும்தான். எனவே உணவகத்தைத் தேடும்போது ருசியை இரண்டாவதாக வைத்து, எழுப்பிவிடாமல் எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள் என்பதை முதலாவதாக வையுங்கள். நான் கீழே சொல்லப்போகும் மற்ற யோசனைகளெல்லாம் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவையே.

உணவகம் எதற்கு, யாராவது ஒருவருடைய பட்டறையிலேயே கூடலாமே என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். முதல் சந்திப்புக்கு அது வேண்டாம். நம்மில் பெரும்பாலோருடைய பட்டறை என்பது மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகை அல்லது காரை வெளியே நிறுத்திவிட்டுப் பிடித்துக்கொண்ட இடம். அங்கே ஐந்து பேர் நின்றாலே ஆறாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அதோடு, வீட்டிலிருப்பவர்கள் பதினைந்து பேருக்குக் காபி கலக்கும் பொறுப்பைக் கேட்காமலேயே சுமக்க நேரிடும். இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒருவருடைய பட்டறைக்குள் நுழைந்தவுடன் கண் இயந்திரங்களின் மீதுதான் போகும். லட்ச ரூபாய்க்கு மேசை ரம்பம் வாங்கியவர் ஒரு பக்கமும், மூன்று உளியும் மரத்தைச் சீவி இழைக்கும் ஓர் இழைப்புளியும் மட்டுமே வைத்திருப்பவர் மறுபக்கமுமாகச் சொல்லாமலேயே பிரிந்துவிடுவார்கள். உணவகத்தில் எல்லாருக்கும் ஒரே நாற்காலி.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை எட்டுக்குக் குறையாமலும் பதினான்குக்கு மேற்படாமலும் இருப்பது நல்லது. எட்டுக்குக் குறைந்தால், இருவர் கடைசி நேரத்தில் வராமல் போகும்போது மேசை வெறிச்சோடிவிடும். பதினான்கைத் தாண்டினால் அது கூட்டமாகிவிடும், கூட்டம் என்றால் யாராவது எழுந்து நின்று பேசத் தொடங்கிவிடுவார். உங்களிடம் பதினைந்து பெயர் இருந்தால் பதினைந்து பேரையும் அழையுங்கள். பத்து அல்லது பதினோரு பேர் வருவார்கள். பட்டியலில் ஆள் குறைவாக இருந்தால், நீங்கள் பலகை வாங்கும் மரக்கடையிலும், ரம்பத்துக்குப் பல் தீட்டக் கொடுக்கும் இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அரை அங்குலப் பலகையில் இரண்டே அடி வேண்டும் என்று கேட்டு வருகிறவர் யாரென்று மரக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவருக்கு அது தலைவலி பிடித்த வியாபாரம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தினசரிக் காலண்டரைக் கையில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஞாயிறு சுபமுகூர்த்த நாளாக இருந்தால் உங்கள் பட்டியலில் பாதிப் பேர் ஏதாவதொரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள், மீதிப் பேர் மாலை வரவேற்புக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ஆடியும் மார்கழியும் இந்த வகையில் வசதியான மாதங்கள். கல்யாணங்கள் இல்லை, உணவகங்களில் இடமும் ஓரளவு கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் காந்திபுரம் கிராஸ் கட் சாலைப் பக்கம் உணவகம் பார்க்கவே வேண்டாம். துணிக்கடைப் பைகளோடு வரும் குடும்பங்கள் உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று, நீங்கள் எப்போது எழுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையிலும், ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பவர்கள் மிகுந்த கார்த்திகையிலும் சைவ உணவகமே பொருத்தம். ரம்ஜான் நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாடு என்று அழைப்பது, நோன்பிருக்கும் நண்பரை நாகரிகமாக வரவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் இன்னும் முக்கியமானது. பன்னிரண்டரைக்கு அழைத்தால் உணவகத்தின் உச்ச நெரிசலுக்குள் நேராகப் போய் விழுவீர்கள். நான் இப்போதெல்லாம் ஒன்றே முக்காலுக்கு வரச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு எல்லாரும் வந்து சேர்ந்து, இரண்டேகாலுக்குச் சாப்பாடு தொடங்கும்போது முதல் அலை ஓய்ந்திருக்கும். மூன்று மணிக்கு மேல் பரிமாறுபவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும், நாற்காலியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நேரங்கழித்துச் சாப்பிட முடியாத சர்க்கரை நோயுள்ளவர்கள் குழுவில் இருக்கக்கூடும் என்பதால், அழைப்பிலேயே இலையில் கைவைக்க இரண்டேகால் ஆகும் என்று எழுதிவிடுவது நியாயம். சமையலறையில் என்னென்ன மீந்திருக்கும் என்ற அச்சம் உங்களுக்கு எழலாம். எண்ணிக்கையை முந்தின நாளே சொல்லிவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

இனி உணவகம். என்னுடைய முதல் ஏற்பாடு ஊரில் பெயர்பெற்ற ஒரு மீல்ஸ் கடையில் நடந்தது. பெயர் வேண்டாம், சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு பேரையும் அருகருகே உட்கார வைக்க முடியாது என்று சொல்லி, மூன்று மேசைகளில் பிரித்து வைத்தார்கள். இலை போட்ட நான்காவது நிமிடத்தில் சாதம் வந்தது. சாம்பார், ரசம், மோர் என்று வாளிகள் அணிவகுத்து வந்துகொண்டே இருந்தன, போதும் என்று கையால் மறைத்தால்தான் நகர்ந்தன. பாயசம் வந்தபோது மணி பார்த்தேன். உட்கார்ந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்த ஒருவர், தான் செய்த அஞ்சறைப்பெட்டியைத் துணிப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெளியே பார்க்கிங்கில், இரண்டு சக்கர வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் அதைப் பார்த்தோம். மீல்ஸ் கடை என்பது வேகமாக உண்டு எழுவதற்காகவே அமைக்கப்பட்ட இடம். அதன் லாபமே இலை எத்தனை முறை மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை, தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

ஆகவே சாப்பாடும், மெனு அட்டையைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வசதியும் இரண்டும் உள்ள, நடுத்தர விலையுள்ள, தனி அறையோ மாடிப் பகுதியோ இருக்கும் உணவகம் ஒன்றைப் பாருங்கள். தொலைபேசியில் முன்பதிவு செய்வதோடு நிறுத்தாமல், ஒரு வாரம் முன்னால் அதே கிழமையில், அதே நேரத்துக்கு நீங்களே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். கவனிக்க வேண்டியவை சில உண்டு. தரையில் டைல்ஸ், சுவரில் கண்ணாடி, மேலே வெறும் காங்கிரீட் என்று இருந்தால் நாற்பது பேர் பேசும் இரைச்சல் எதிரொலித்து, எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதே கேட்காது. வருடக்கணக்காக ரம்பச் சத்தத்தில் வேலை செய்து காது மந்தமானவர்கள் நம் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர்க்கீழே மேசை இருந்தால் மரச்சீவல் பறக்கும். கைகழுவும் இடம் எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை குழாய் என்பதையும் பாருங்கள். அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன். மதுக்கூடம் இணைந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மரவேலை செய்யும் பெண்கள் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் குழந்தைகளோடும் வருவார்கள். மேலும், சாப்பிட்டுவிட்டுப் போய் ரம்பத்தை இயக்குகிறவர்கள் சிலர் உண்டு.

மேசை அமைப்பைப் பற்றி மேலாளரிடம் முன்பே பேசிவிட வேண்டும். பதினான்கு பேருக்கென்று நான்கு மேசைகளை ஒரே வரிசையாக நீளத்துக்கு ஒட்டிப்போடுவதுதான் அவர்களுடைய வழக்கம். அப்படிப் போட்டால் ஒரு முனையில் இருப்பவருக்கும் மறுமுனையில் இருப்பவருக்கும் இடையில் பதினைந்து அடிக்குக் குறையாது. இரண்டு தனித்தனிச் சாப்பாடுகள்தான் நடக்கும். மேசைகளைப் ‘ப’ வடிவில் போடச் சொல்லிக் கேளுங்கள். இடம் போதாவிட்டால் ஏழு பேருக்கு ஒன்றாக இரண்டு மேசைகளை அருகருகே போட்டு, பாயசத்துக்கு முன்னால் மூன்று மூன்று பேர் இடம் மாறிக்கொள்ளலாம். முதல் முறை இடம் மாறச் சொல்லும்போது எல்லாருக்கும் கூச்சமாக இருக்கும். நீங்கள் முதலில் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள்.

ஊருக்குள் எந்தப் பகுதி என்பதற்கு என் பதில், வருகிறவர்கள் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர் உக்கடத்தில் இறங்குவார், திருப்பூர்க்காரர் காந்திபுரத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ வருவார், மேட்டுப்பாளையத்துக்காரர் சாய்பாபா காலனி அருகே உள்ள பேருந்து நிலையத்தில் இறங்குவார். இவர்கள் எல்லாருக்கும் ஆர்.எஸ். புரம் ஓரளவு நடுநிலையான இடம். அங்கே இன்னொரு வசதியும் உண்டு. கௌலி பிரவுன் சாலையிலுள்ள வனத்துறை வளாகத்தில், 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது; அக்காலத்து வனப் பாதுகாவலர் எச்.ஏ. காஸ் என்பவரின் பெயரைத் தாங்கியது. நூற்றாண்டுக்கு முன் சேர்த்துவைத்த மர மாதிரிகளை அங்கே பார்க்கலாம். அரசு வளாகம் என்பதால் அது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பயன்படும் என்று எண்ணிவிடாமல், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே கேட்டறிந்து, வேலைநாளில் வரக்கூடிய ஓய்வுபெற்றவர்கள் அதிகமாக இருந்தால் அதற்கேற்ப ஒரு சந்திப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரே விதமான சாப்பாடு, ஒரே தொகை, முன்பே தெரிவித்த தொகை என்று வைத்தால் எந்தச் சங்கடமும் வராது. ஒரு சாப்பாடு 300 ரூபாய் என்று பேசி, பதினான்கு பேர் என்றால் 4,200. சாதாரண உணவகத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 210 ரூபாய், ஆக 4,410, ஆளுக்கு 315. பரிமாறியவர்களுக்குச் சேர்த்து 350 என்று வாங்கிக்கொண்டு மீதியை அவர்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். சேவைக் கட்டணம் என்று பில்லில் தனியாக ஒரு வரி இருந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது என்பதை அமைதியாக எடுத்துச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். ஒருவர் எல்லாருக்கும் தானே கொடுத்துவிடுகிறேன் என்று கல்லாவுக்கு ஓடுவார். அவரைத் தடுத்துவிடுங்கள். ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், அடுத்த முறை யார் கொடுப்பது என்ற கணக்கு எல்லார் மனத்திலும் ஓடும். வசதி குறைந்தவர் காரணம் ஏதும் சொல்லாமல் வராமல் போய்விடுவார்.

இப்போது இந்தச் சந்திப்பின் உயிரான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் தாம் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் அது துணிப்பையில் அடங்குவதாக இருக்க வேண்டும். கரண்டி, அஞ்சறைப்பெட்டி, கடைந்த கிண்ணம், பல்லாங்குழிப் பலகை, ஒரு மூலைப்பொருத்தின் மாதிரி, எதுவானாலும் சரி. நாற்காலி செய்தவர் படம் காட்டினால் போதும். இவற்றைப் பார்க்கும் நேரம் சாப்பாட்டுக்கு முன்னால்தான் அமைய வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாம்பார்க் கையோடு ஒரு கிண்ணத்தை வாங்கிப் பார்க்க முடியாது, இடக்கையால் வாங்கினால் கொடுத்தவருக்கு மனம் கோணும். ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிய வெளிறிய மரத்தில் மஞ்சள் கறை பட்டால் அது எளிதில் போகாது. சில்வர் ஓக்கில் செய்த என்னுடைய தட்டு ஒன்றில் இரண்டு விரல் அடையாளம் இன்னமும் இருக்கிறது. சுரண்டி எடுக்க மனம் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு வரச் சொல்லி இரண்டேகாலுக்குச் சாப்பாடு என்பதில் உள்ள அந்த அரைமணி நேரம் இதற்காகத்தான். எல்லாம் சுற்றிவந்து பைகளுக்குள் போன பிறகு இலை போடச் சொல்லுங்கள். சாப்பிட்ட பின்னும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கைகழுவிவிட்டு வருவார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரே குழாய் என்றால் அங்கேயே வரிசை நின்றுவிடும், அதனால்தான் குழாயை எண்ணச் சொன்னேன்.

கருவிகளைக் கொண்டுவருவதில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. உளியும் கத்தியும் உறையில்லாமல் உணவக மேசைமேல் கிடந்தால் பக்கத்து மேசையில் குழந்தையோடு இருப்பவருக்கு நியாயமாகவே கவலை வரும். இழைப்புளி கொண்டுவரலாம், அதன் இரும்பு அலகைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் போதும். எவ்வளவு ஆசையிருந்தாலும் மேசையில் இழைத்துக் காட்ட வேண்டாம். ஒரு சந்திப்பில் ஒருவர் மெல்லிய சீவல் எடுத்துக் காட்டினார்; அழகான சீவல்தான், நான்கு அடி நீளத்துக்குச் சுருளாமல் வந்தது, ஆனால் அதை மேசைக்கடியிலிருந்து கூட்டியெடுத்த பெண்மணியின் முகம் எனக்கு மறக்கவில்லை. சந்தனம், செம்மரம் போன்ற, வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள மரங்களின் துண்டுகளை, எங்கே வாங்கியது என்பதற்குச் சீட்டு இல்லாமல் யாரும் கொண்டுவர வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். பரிமாறிக்கொள்ள வேறு மரங்களா இல்லை? பூவரசு, வாகை, பலா, மலைவேம்பு, பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த பர்மா தேக்கு, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்து வெட்டிய சில்வர் ஓக் என்று இந்த வட்டாரத்தில் கிடைப்பவையே பத்துத் தேறும்.

தயக்கம் உடைவதற்கு நான் கையாளும் ஒரு சிறிய வேடிக்கையைச் சொல்கிறேன். கட்டைவிரல் அளவுள்ள ஆறு மரத்துண்டுகளில் எண் எழுதி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றோடு மேசையில் வைத்துவிடுவேன். எது என்ன மரம் என்று அவரவர் ஒரு தாளில் எழுத வேண்டும். குறுக்கே வெட்டிய முனையை ஈரம் தொட்டுத் துடைத்து லென்ஸில் பார்ப்பவர், முகர்ந்து பார்ப்பவர், நகத்தால் கீறிப் பார்ப்பவர் என்று அவரவர் பழக்கம் தெரிந்துவிடும், பேச்சும் தானாகத் தொடங்கிவிடும். ஒருமுறை வேங்கைச் சீவலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். சாப்பாடு முடிவதற்குள் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்தில் நீலச் சாயல் தெரிந்தது. அன்று பரிமாறியவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டம்ளரில் ‘குடிக்க வேண்டாம்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவைக்க மறவாதீர்கள். கருங்காலியைப் போட்டியில் சேர்க்காதீர்கள்: டயோஸ்பைரோஸ் எபெனம், அகேசியா கேட்டச்சு என்ற அறிவியல் பெயர்களையுடைய இரண்டு வெவ்வேறு மரங்களுக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது; கருங்காலி மாலை விற்பனை பெருகிய பிறகு அந்த விவாதம் மோர் சாதம் வரை நீள்கிறது.

அழகாக முடிந்த பொருளை மட்டுமே எல்லாரும் கொண்டுவந்தால் மேசை கண்காட்சியாகிவிடும். ஆகவே கெட்டுப்போனது ஒன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள், முதலில் உங்களுடையதை எடுத்து வையுங்கள். விளிம்பு வெடித்த கிண்ணம், ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரத் தொடங்கியதும் திறக்க மறுத்த மேசை இழுப்பறை, கழுந்து (துளைக்குள் செருகும் முனை) தளர்ந்து ஆடும் முக்காலி இவற்றைப் பற்றித்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அந்த இழுப்பறையைப் பற்றிய பேச்சில் அன்று ஐந்து பேர் ஐந்து காரணம் சொன்னார்கள். பலகையின் அகலவாட்டில் மரம் ஈரத்தால் உப்பும், நீளவாட்டில் அநேகமாக மாறாது என்பதை இரண்டு தீப்பெட்டிகளை வைத்து ஒருவர் விளக்கினார். அதுவரை வாயே திறக்காதிருந்த கல்லூரி மாணவர் அதற்குப் பிறகுதான் தன் முக்காலியைப் பையிலிருந்து எடுத்தார்.

நம் ஊருக்கே உரிய ஒரு விருந்தாளியை அழைக்க வாய்ப்பிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பம்புசெட்டும் வார்ப்பாலைகளும் பெருகிய கோவையில், இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மணலில் அச்சுப் பதிக்கும் மர ‘பேட்டர்ன்’ செய்தவர்கள் ஒரு தலைமுறையாக இருந்தார்கள். இன்று பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் நான்காவது சந்திப்புக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய எஃகு ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்து, இதில் என்ன கோளாறு என்று கேட்டார். எங்கள் ஸ்கேல்களோடு ஒட்டி வைத்துப் பார்த்தோம். ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம், நீளமாக இருந்தது. தேய்ந்த ஸ்கேலா என்றார் ஒருவர். தேய்ந்தால் குறையத்தானே வேண்டும் என்று பேட்டர்ன்காரர் சிரித்தார். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துச் செய்யப்பட்ட ஸ்கேல் அது, அதைக்கொண்டு அளந்து பேட்டர்ன் செய்தால் வார்ப்பு ஆறியபின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். நாற்பது வருடம் தவறான ஸ்கேலை வைத்துத்தான் சரியாக வேலை செய்தேன் என்றார். அன்று ரசம் ஆறிப்போனதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தொழில்முறைத் தச்சரை அழைக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அவர் நமக்குப் பாடம் நடத்த வரவில்லை, நம்மோடு சாப்பிட வருகிறார். அவருடைய ஞாயிறு பல நேரங்களில் கூலி கிடைக்கும் நாள். எனவே அவருடைய சாப்பாட்டுச் செலவு குழுவுடையது என்று முன்பே முடிவு செய்துவிட்டு, வரவும் போகவும் யாராவது வண்டியில் அழைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு அலமாரிக் கதவு தொங்குகிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று மேசையிலேயே வேலை பேசத் தொடங்குகிறவரை நீங்கள்தான் தடுக்க வேண்டும். ‘ஆசாரி’ என்பது தொழிற்பெயராக இருப்பதோடு சாதிப்பெயராகவும் வழங்குவதால், நாலு பேர் நடுவில் அப்படிக் கூப்பிடுவதைச் சிலர் விரும்புவதில்லை. வயதுக்கேற்ப அண்ணா என்றோ ஐயா என்றோ பெயரோடு சேர்த்து அழைப்பதே முறை.

பேச்சு தடம் மாறும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை மூன்று. கைக்கருவியா இயந்திரமா என்ற சண்டை முதலாவது. அது பத்து நிமிடம் சுவையாக இருக்கும், அதற்குமேல் போனால் யாருடைய பொருளையாவது கையில் எடுத்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுத் திருப்பிவிடுங்கள். இரண்டாவது, தான் விற்கும் பொருளுக்கு விளம்பரம் செய்ய வருகிறவர். அழைப்பிலேயே விற்பனை இல்லை, பழைய கருவிகளை மாற்றிக்கொள்வதானால் சாப்பிட்ட பிறகு வெளியே என்று எழுதிவிட்டால் தொல்லை குறையும். மூன்றாவது, சங்கம். எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும் அந்த மூன்று மணி வேளையில் யாராவது ஒருவர், இதை ஒரு சங்கமாகப் பதிவு செய்துவிடலாமே என்பார். தலைவர் யார், பொருளாளர் யார், சந்தா எவ்வளவு என்று பேச்சு கிளம்பிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த என்னுடைய ஏழாவது சந்திப்பு அப்படித்தான் கெட்டது, இரண்டு பேர் அதன்பிறகு வரவே இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள், ஆறு மாதம் கழித்தும் அதையே சொல்லுங்கள்.

அழைப்பை நீளமாக எழுத வேண்டியதில்லை. நாள், நேரம், உணவகத்தின் பெயர், வண்டி நிறுத்தும் இடம், ஆளுக்கு எவ்வளவு, என்ன கொண்டுவரலாம், வருவதை எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற ஏழு செய்திகளும், மேலே எழுதச் சொன்ன எச்சரிக்கைகளும் போதும். பத்து நாள் முன்னால் ஒருமுறையும், இரண்டு நாள் முன்னால் ஒருமுறையும் அனுப்புங்கள். பதில் சொல்லாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். குழுச் செய்திக்குக் கட்டைவிரல் காட்டுவது வருகிறேன் என்பதற்கு உறுதியில்லை. நேரடியாகக் கூப்பிட்ட குரலுக்கு வராமலிருப்பவர் குறைவு. உணவகத்துக்குச் சொல்லும் எண்ணிக்கையை, வருவதாகச் சொன்னவர்களைவிட ஒன்று குறைத்துச் சொல்வது என் வழக்கம்; ஒரு இலை கூடுதலாகப் போடுவது எந்த உணவகத்துக்கும் கடினமில்லை, வராதவருக்குப் பணம் கொடுப்பதுதான் நமக்குக் கடினம்.

கடைசியாக ஒன்று. அடுத்த சந்திப்பின் தேதியை, எல்லாரும் மேசையில் இருக்கும்போதே, பீடா வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட தேதி எதுவும் எங்களுக்கு அமைந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது சரியான இடைவெளி. ஒரு சிறிய பொருளைச் செய்து முடிக்க, அல்லது கெடுத்து முடிக்க, அந்த அவகாசம் போதும்.